கிரெடிட் கார்டு பாக்கி: கெடு நாள் தவறியதிலிருந்து கோர்ட் வரை என்ன நடக்கும், எப்போது என்ன செய்ய வேண்டும்

கிரெடிட் கார்டில் பாக்கி விழுந்தவர்கள் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படுகிறார்கள். போலீஸ் வரும், கைது செய்வார்கள், வீட்டைப் பூட்டி சீல் வைப்பார்கள் என்று தூக்கம் கெடுகிறது. மினிமம் டியூவை, அதாவது பில்லில் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை, மட்டும் கட்டிக்கொண்டு சமாளித்துவிட்டதாக நினைக்கிறார்கள். சம்பளம் வரும் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருப்பதைக் கவனிப்பதில்லை. கோர்ட் சம்மன் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். உண்மையான சேதம் இந்த மூன்று இடங்களில்தான் நடக்கிறது.

இந்தியாவில் கார்டு வாங்கி, கட்ட முடியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாள் கணக்கு வரிசையில் போகிறது. உங்கள் நிலை எதுவோ அங்கிருந்து படிக்கலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதல் வேலை: பில்லை எடுத்து வட்டியைக் கணக்குப் போடுங்கள்

நம் ஊரில் இரண்டு ரூபாய் வட்டி என்றாலே வாங்குவதற்கு முன் யோசிப்போம். பல கார்டுகளின் வட்டி மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, சிலவற்றில் 3.75 வரை. அதாவது மூன்றரை ரூபாய் வட்டி. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. சேர்த்தால் நூற்றுக்கு நாலு ரூபாய் பதிமூன்று காசு.

ஒரு லட்சம் ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். பல கார்டுகளில் மினிமம் டியூ பாக்கியில் 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய். அதைக் கட்டுகிறீர்கள். மீதி 95,000. அதற்கு ஒரு மாத வட்டி 3,325, ஜி.எஸ்.டி. சுமார் 599. அடுத்த பில்லில் பாக்கி 98,924. கையிலிருந்து ஐயாயிரம் போயிருக்கிறது, கடன் குறைந்தது 1,076 ரூபாய்தான்.

இன்னொன்றும் நடக்கிறது. பில்லை முழுதாகக் கட்டாத மாதத்திலிருந்து வட்டியில்லாக் காலம் உங்களுக்குக் கிடையாது. இன்று மளிகைக் கடையில் கார்டைத் தேய்த்தால் இன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். ஆகவே பாக்கி இருக்கும் கார்டில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். ஆன்லைன் சந்தா, மொபைல் ரீசார்ஜ், காப்பீட்டுப் பிரீமியம் என்று அந்தக் கார்டோடு இணைத்திருக்கும் தானியங்கிக் கட்டணங்களை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

மினிமம் மட்டும் கட்டினால் கடன் அடைய மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆகும், வட்டிக்கு வட்டி ஏறும் என்ற எச்சரிக்கையைப் பில்லில் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தேடிப் படியுங்கள்.

அடுத்து, எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுங்கள்: எந்தக் கார்டில் எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, கெடு நாள் எது, எத்தனை நாள் தாமதம். வீட்டுக் கடன், நகைக் கடன், வண்டிக் கடனும் அதில் வரட்டும். கடைசியாக, வாடகை, சாப்பாடு, பள்ளிக் கட்டணம், மருந்து போக மாதம் உண்மையாக எவ்வளவு மிஞ்சும் என்று ஒரு தொகை. இனி வங்கியோடு பேசும் ஒவ்வொரு பேச்சும் அந்தத் தொகையை வைத்துத்தான்.

கெடு தாண்டிய முதல் மூன்று நாள்

ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த கடன் அட்டை விதிகளில் ஒரு சலுகை இருக்கிறது. கெடு நாளிலிருந்து மூன்று நாளுக்கு மேல் தாமதமானால்தான் லேட் ஃபீ போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கும் நிலுவை என்று சொல்லலாம். சம்பளம் ஓரிரு நாள் தள்ளிப்போனால் இந்த இடைவெளி போதும். ஆனால் மூன்றாம் நாள் தாண்டினால் தாமதக் கணக்கு பழைய கெடு நாளிலிருந்தே தொடங்கும். லேட் ஃபீயைக் கட்டாமல் நிற்கும் தொகைக்கு மட்டுமே கணக்கிட வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. பாதி கட்டிய பிறகும் முழு பில் தொகைக்கு லேட் ஃபீ வந்திருந்தால் எழுத்தில் கேளுங்கள், திருப்பித் தர வேண்டும்.

மொத்தத் தொகை இல்லாவிட்டால் இந்த நாட்களில் மினிமம் டியூவையாவது கட்டிவிடுங்கள். மினிமம் டியூவை நம்பி வாழக் கூடாது என்றுதான் மேலே சொன்னேன். ஆனால் தாமதப் பதிவைத் தடுக்கும் ஒரு மாதத்து மருந்தாக அதற்குப் பயன் உண்டு.

30 நாள் வரை: கணக்கிலிருந்து பணம் பிடிக்கும் அபாயம்

லேட் ஃபீ விழும். குறுஞ்செய்தியும் அழைப்பும் வரும். பல வங்கிகள் கார்டைத் தற்காலிகமாக முடக்கும். வட்டி, ஜி.எஸ்.டி., லேட் ஃபீ, அதன் மேலும் ஜி.எஸ்.டி. என்று ஒரு லட்ச ரூபாய் பாக்கிக்கு மாதம் ஐந்தாயிரத்துக்கு மேல் ஏறுவது சாதாரணம்.

பலர் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. கார்டு கொடுத்த வங்கியிலேயே சேமிப்புக் கணக்கோ வைப்புத் தொகையோ இருந்தால், கார்டு பாக்கிக்கு அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலான கார்டு ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருக்கும். ஒன்றாம் தேதி சம்பளம் விழும், இரண்டாம் தேதி காணாமல் போகும். வாடகை நிற்கும், வீட்டுக் கடன் இ.எம்.ஐ. திரும்பும். இது நடப்பதற்கு முன்பே வேறு வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கி, சம்பளத்தை அங்கே மாற்றச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். இதில் சட்டமீறல் எதுவும் கிடையாது. வீட்டுச் செலவு போக மிஞ்சுவதை நீங்களே திட்டமிட்டுக் கட்டுவதற்கான ஏற்பாடு இது.

நகைக்கும் இதே எச்சரிக்கை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு வங்கிகளுக்குப் பொதுப் பற்றுரிமை தருகிறது. நகைக் கடனை முழுதாக அடைத்துவிட்டு நகையை மீட்கப் போனால், அதே வங்கியின் கார்டு பாக்கியைக் காட்டி நகையை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. கார்டு ஒரு வங்கியிலும் நகை இன்னொரு வங்கியிலும் இருப்பது நல்லது.

30 முதல் 90 நாள்: பேரம் பேச நல்ல காலம்

மினிமம் டியூ கெடு நாளிலிருந்து 90 நாளுக்குள் முழுதாகக் கட்டப்படாவிட்டால் வங்கி அந்தக் கணக்கை வாராக் கடனாக வகைப்படுத்த வேண்டும். வங்கிக்கே அது நஷ்டம் என்பதால், அதற்கு முன் ஏதாவது ஓர் ஏற்பாட்டுக்கு வர வங்கிக்கும் விருப்பம் இருக்கும். உங்களுக்குச் சாதகமான காலம் இது. போனை அணைத்து வைத்துக்கொண்டு இந்த அறுபது நாளை வீணாக்குபவர்கள்தான் அதிகம்.

கேட்க வேண்டியது: பாக்கியை இ.எம்.ஐ.யாக மாற்றித் தருவது. ஒரு லட்சம் பாக்கியை ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றினால் மாதம் சுமார் 4,896 ரூபாய் வரும். வட்டிப் பகுதிக்கு ஜி.எஸ்.டி. தனி, முதல் மாதம் 240 ரூபாய் போல, பிறகு குறைந்துகொண்டே போகும். மேலே பார்த்த மினிமம் டியூவும் கிட்டத்தட்ட இதே ஐயாயிரம்தான். அதைக் கட்டினால் கடன் ஆயிரம் ரூபாய் குறைகிறது. இதைக் கட்டினால் இரண்டு வருடத்தில் கடனே முடிகிறது. கையை விட்டுப் போகும் பணம் ஏறக்குறைய ஒன்றே.

போனில் பேசினாலும் அன்றே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். நீளமாகத் தேவையில்லை:

"என் கடன் அட்டைக் கணக்கில் (கடைசி நான்கு எண்கள் ____) ரூ. ____ பாக்கி உள்ளது. வேலை இழந்ததால் ____ மாதத்திலிருந்து கட்ட இயலவில்லை. இப்போது மாதம் ரூ. ____ கட்ட முடியும். பாக்கித் தொகையை 24 மாதத் தவணையாக மாற்றித் தரவும், தாமதக் கட்டணங்களைத் தள்ளுபடி செய்யவும் வேண்டுகிறேன். அட்டையை முடக்கி வைக்கச் சம்மதம். பதிலை எழுத்தில் தரவும்."

மருத்துவச் செலவு என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி, வேலை போனது என்றால் நிறுவனத்தின் கடிதம், இவற்றை இணையுங்கள். முதல் பதில் 'முடியாது' என்றுதான் வரும். வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு, பிறகு நோடல் அதிகாரிக்கு, அதே கடிதத்தை மேலே அனுப்புங்கள்.

இ.எம்.ஐ. கிடைக்காவிட்டால் மலிவான கடனை வாங்கி விலை கூடிய கடனை அடைக்கும் வழி இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளிலும் கூட்டுறவு வங்கிகளிலும் நகைக் கடன் ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டிக் கிடைக்கும். 42 சதவீதத்தை அதைக் கொண்டு அடைப்பது லாபம்தான். ஆனால் கார்டு பாக்கி பிணையில்லாக் கடன். நகைக் கடன் அப்படிப்பட்டதல்ல, தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். மாதாமாதம் ஒரு தொகை கட்ட வருமானம் இருந்தால் மட்டும் நகையைத் தொடுங்கள். வருமானமே நின்றுபோன நேரத்தில் வீட்டில் இருக்கும் கடைசி நகையைக் கார்டுக்காக வைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கார்டை அடைப்பது இன்னும் ஆபத்து. கோர்ட் தீர்ப்பு இல்லாமல் யாராலும் தொட முடியாத வீட்டை, கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி கையகப்படுத்தக்கூடிய வீடாக நீங்களே மாற்றிக் கொடுத்ததாகிவிடும்.

மீட்டர் வட்டி, ரன் வட்டி போன்ற கந்துவட்டிப் பக்கம் போகவே போகாதீர்கள். ஒரு கார்டைத் தேய்த்து ரொக்கம் வாங்கி இன்னொரு கார்டைக் கட்டும் ரொட்டேஷனும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு மூன்று சதவீதம் கமிஷன் போகும். ஒரு கார்டு முடங்கும் நாளில் எல்லாக் கார்டும் சேர்ந்து விழும். கடன் செயலிகள் வேறு இருக்கின்றன. ஏழு நாள், பதினைந்து நாள் கடன் கொடுத்துவிட்டு உங்கள் போனில் இருக்கும் எண்களுக்கெல்லாம் செய்தி அனுப்பும் செயலியில் சிக்கினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.

பல கடன்கள் இருக்கும்போது எதை முதலில் கட்டுவது? பிணை உள்ளவை முதலில்: வீடு, நகை, தொழிலுக்கு ஓடும் வண்டி. அப்புறம் கார்டுகள். அவற்றுள் 90 நாளை நெருங்கும் கார்டுக்கு முன்னுரிமை. எல்லாவற்றுக்கும் ஐநூறு, ஆயிரம் என்று பிரித்துப் போட்டால் எந்தக் கணக்கிலும் மினிமம் டியூ நிறைவேறாது. தாமதக் கணக்கு எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

90 நாளுக்குப் பிறகு: வசூல் முகவர்கள்

கார்டு ரத்தாகும். முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டச் சொல்வார்கள். கணக்கு வெளி ஏஜென்சியிடம் போகும். சில வங்கிகள் கடனையே, வாராக் கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றுவிடும். புதிதாக ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது பணம் கேட்டால், கடன் அவர்களுக்கு மாற்றப்பட்டதற்கான கடிதத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

முகவர்களுக்கு எல்லை உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் கடனைக் கேட்டு அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மிரட்டக் கூடாது, ஊர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தினர், நண்பர்கள், சாட்சிக்குக் கொடுத்த எண்களில் தொல்லை தரக் கூடாது, பெயர் சொல்லாமல் அழைக்கக் கூடாது, சமூக ஊடகத்தில் தகாத செய்தி அனுப்பக் கூடாது. முகவர் செய்த தவறுக்கு வங்கியே பொறுப்பு.

வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிறுத்தி அடையாள அட்டையும் வங்கி கொடுத்த அதிகாரக் கடிதமும் கேளுங்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற வேண்டாம், கத்தவும் வேண்டாம். "வங்கிக்கு எழுதியிருக்கிறேன், இனி எழுத்தில் பேசிக்கொள்ளலாம்" என்று சொன்னால் போதும். அவர் கையில் ரொக்கமோ, அவருடைய யு.பி.ஐ. எண்ணுக்குப் பணமோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். உள்ளே வந்து டி.வி.யையோ பைக்கையோ எடுத்துப் போக அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அத்துமீறினால் அழைப்புப் பதிவு, குறுஞ்செய்தி, தேதி, நேரத்தோடு வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். உயிருக்கு மிரட்டல், பெண்களிடம் ஆபாசப் பேச்சு என்று போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். குற்ற மிரட்டலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மிரட்டலைத் தனியாகத் தாங்கிக்கொண்டு உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிணையில்லாத ஒரு கடனுக்கு, சட்டப்படி பேரம் பேசித் தீர்க்கக்கூடிய ஒரு பணக் கணக்குக்கு, அந்த விலை கூடவே கூடாது. வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லிவிடுங்கள். மனம் தாங்காத இரவில் தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும், நாடு முழுவதற்குமான டெலிமானஸ் 14416 எண்ணிலும் தமிழில் பேசலாம்.

போலீஸ், ஜெயில்

கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல் போவது குற்றம் ஆகாது, அது சிவில் விவகாரம். 'எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று, வாரண்ட் வருகிறது' என்று வாட்ஸ்அப்பில் வரும் கடிதங்கள் மிரட்டல்தான்.

விதிவிலக்குகளும் உண்டு. பாக்கிக்காக நீங்கள் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு வரலாம், அது குற்ற வழக்கு. நாச் எனப்படும் தானியங்கிப் பற்று உத்தரவு பணமின்றித் திரும்பினால் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 25-ஆம் பிரிவில் அதே போன்ற வழக்குக்கு இடமுண்டு. ஆகவே முகவர் கேட்டார் என்று இனி வரும் தேதி போட்ட காசோலை கொடுக்கவே வேண்டாம். பொய்ச் சம்பளச் சீட்டு கொடுத்துக் கார்டு வாங்கியிருந்தால் அது மோசடி, இந்தப் பேச்சு அதற்குப் பொருந்தாது.

செட்டில்மென்ட்

ஆறு மாதம், ஒரு வருடம் ஆன கணக்கில் 'இவ்வளவு கட்டினால் முடித்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு வரும். வாராக் கடனைச் சமரசமாக முடிப்பதற்கு ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் வழிமுறையே வெளியிட்டிருக்கிறது. மொத்தமாக ஒரு தொகை கையில் வரும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு பேசுங்கள். குறைத்துத் தொடங்குங்கள். முதலில் சொல்லும் தொகை பெரும்பாலும் கடைசித் தொகையாக இருப்பதில்லை.

ஒப்புக்கொண்டால் பணம் கட்டும் முன் வங்கியின் கடிதம் வேண்டும். வங்கியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலிருந்து வந்திருக்க வேண்டும். கார்டின் கடைசி நான்கு எண்கள், தொகை, கெடு தேதி, இதற்கு மேல் எந்தப் பாக்கியும் இல்லை என்ற வாசகம், இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கடிதம் உண்மைதானா என்று வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு உறுதி செய்யுங்கள். போலிக் கடிதம் கொடுத்துப் பணத்தைச் சுருட்டும் கும்பல்கள் இருக்கின்றன. பணத்தை நேராகக் கார்டு கணக்கில் செலுத்துங்கள். கெடு ஒரு நாள் தவறினாலும் தள்ளுபடி ரத்தாகிவிடும். கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. உங்கள் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். பாதியில் முடித்தவர் என்றே அடுத்த வங்கி அதைப் படிக்கும். சமரசம் செய்த அதே வங்கி குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக் கடன் தரக் கூடாது என்றும் அந்த வழிமுறையில் இருக்கிறது. அசலை முழுதாகக் கட்ட முடிந்தால் அபராதத்தையும் லேட் ஃபீயையும் மட்டும் தள்ளச் சொல்லி, 'முழுதாக அடைக்கப்பட்டது' என்று பதிவு செய்யச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. வருமானமே இல்லாதவர் சிபில் கெடும் என்று தயங்க வேண்டாம், செட்டில்மென்ட் கிடைத்தால் முடித்துவிடுவதே நல்லது.

லோக் அதாலத் நோட்டீஸும் கோர்ட் சம்மனும்

முதலில் வருவது வக்கீல் நோட்டீஸ். அது கோர்ட் உத்தரவு அல்ல. ஆனாலும் 15 நாளுக்குள் சுருக்கமாக ஒரு பதில் அனுப்புங்கள்.

அடுத்து மக்கள் நீதிமன்றத்திலிருந்து, அதாவது லோக் அதாலத்திலிருந்து, அழைப்பு வரலாம். இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். உண்மையில் இது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. வங்கி அதிகாரியோடு நேருக்கு நேர் உட்கார்ந்து, நடுவர் முன்னிலையில் பேரம் பேசலாம். சம்மதம் இல்லாமல் எதுவும் முடிவாகாது. ஆனால் கையெழுத்துப் போட்டால் அந்தத் தீர்வு கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே மாதாமாதம் கட்ட முடியாத தொகைக்குச் சபையின் அழுத்தத்தில் தலையாட்டிவிடாதீர்கள்.

நடுவர் தீர்ப்பாயம், அதாவது ஆர்பிட்ரேஷன், என்று மின்னஞ்சலில் வரும் நோட்டீஸையும் அலட்சியம் செய்ய வேண்டாம். அங்கே வரும் தீர்ப்பையும் கோர்ட் தீர்ப்பாணை போலவே நிறைவேற்ற முடியும். நடுவரை வங்கி தன்னிச்சையாக நியமித்திருந்தால் அதை எதிர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள்.

வழக்கே வந்துவிட்டால்? சம்மனை வாங்குங்கள். திருப்பி அனுப்பினால் வழக்கு நின்றுவிடாது, நீங்கள் இல்லாமல் நடக்கும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-ஆம் கட்டளைப்படி சுருக்க விசாரணையாக வழக்குப் போட்டிருந்தால் சம்மன் கிடைத்த 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். ஆகாவிட்டால் வங்கி சொன்னதெல்லாம் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு தீர்ப்பாகிவிடும். அப்படித் தீர்ப்பானால் அதன் ஆயுள் 12 வருடம். பல இடங்களில் பாக்கியைவிட, நீங்கள் இல்லாமலே வரும் இந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்புதான் குடும்பத்தை அதிகம் வதைக்கிறது. ஆஜரானவரோ லேட் ஃபீ கணக்கைக் கேள்வி கேட்கலாம், வட்டியைக் குறைக்கக் கேட்கலாம், தவணையில் கட்ட உத்தரவு கேட்கலாம்.

வட்டி விஷயத்தில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. பழைய தீர்ப்பைக் காட்டி 'வட்டியே செல்லாது' என்று சொல்லும் இணைய ஆலோசனைகளை நம்பாதீர்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100.

தீர்ப்பு எதிராக வந்த பிறகும் எல்லாவற்றையும் ஜப்தி செய்ய முடியாது. சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் உங்களுக்கே. ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள் இவற்றையும் தொட முடியாது. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகைக்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது, தாலி அதில் அடங்கும். உங்கள் பெயரில் உள்ள மனையும் வங்கியிருப்பும் ஜப்திக்கு உள்ளாகலாம். பணத் தீர்ப்பாணைக்காகச் சிவில் சிறை என்பது, கட்ட வசதி இருந்தும் கட்டாமல் ஏய்ப்பவருக்கு. இல்லாமையால் கட்ட முடியாதவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. பெண்களை இதற்காகக் கைது செய்யவே முடியாது.

வழக்குப் போட வங்கிக்குப் பொதுவாக மூன்று வருடக் காலவரையறை. அந்தக் காலத்துக்குள் நீங்கள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும். மேலே கொடுத்த கடிதம்கூட அப்படிப்பட்ட ஒப்புதல்தான். புதுப் பாக்கிக்கு அதில் நஷ்டம் இல்லை. ஐந்து, ஆறு வருடம் பழைய பாக்கிக்கு இப்போது யாராவது கையெழுத்துக் கேட்டால், வக்கீலைப் பார்க்காமல் எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

குடும்பத்துக்கு என்ன பொறுப்பு

கணவன் கார்டு பாக்கிக்கு மனைவி பொறுப்பில்லை. மகன் கடனுக்கு அப்பாவின் வீடு பொறுப்பில்லை. உங்கள் கணக்கில் குடும்பத்தினருக்கு வாங்கித் தரும் ஆட்-ஆன் கார்டில் வாங்கியதற்கு மூல அட்டைதாரரே பொறுப்பு. கார்டு வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டும்தான் வாரிசுகளிடம் கேட்க முடியும். வங்கிக்கு இறப்புச் சான்றிதழை அனுப்பி, கார்டுக்குக் காப்பீடு இருந்ததா என்றும் கேளுங்கள். சிலவற்றில் இருக்கும்.

கடன் பல லட்சமாகி எந்த வழியும் இல்லாதபோது ஐ.பி. போடுவது, அதாவது திவாலானதாக அறிவிக்கக் கோர்ட்டில் மனு போடுவது, நம் ஊர்ப் பேச்சில் மஞ்சள் நோட்டீஸ், இன்றும் சட்டத்தில் இருக்கிறது. சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் சொத்துக்கள் கோர்ட் பொறுப்பில் போகும், வருடக்கணக்கில் நடக்கும். நல்ல சிவில் வக்கீலிடம் பேசிவிட்டுக் கடைசியாக மட்டும் இதை எடுங்கள்.

சிபிலைச் சரிசெய்வது

சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை. தாமதப் பதிவு கடன் கதவை மட்டும் அடைப்பதில்லை. பழைய கடன், கார்டு பாக்கிகளால் சிபில் மோசமாக இருந்த ஒருவருக்குப் பாரத ஸ்டேட் வங்கி பணி நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கல்லூரிக் காலத்தில் வாங்கிய கார்டில் சிறு பாக்கி இருந்தாலும் விண்ணப்பிக்கும் முன் முடித்துவிட வேண்டும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பாக்கியைத் தீர்த்த பிறகு 30 நாளுக்குள் வங்கி நிலையைப் புதுப்பிக்க வேண்டும். நாற்பது நாள் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பாக்கி பூஜ்யம் என்று இல்லாவிட்டால் என்.ஓ.சி.யை இணைத்து நிறுவனத்திடமே திருத்தம் கேளுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

'செட்டில்டு' என்று விழுந்திருந்தால், வசதி வரும்போது தள்ளுபடியான மீதியைக் கட்டி 'முழுதாக அடைக்கப்பட்டது' என்று மாற்றச் சொல்லி வங்கியிடம் எழுத்தில் கேட்கலாம். புது வரலாறு தொடங்க வைப்புத் தொகையை ஈடாக வைத்துத் தரும் கார்டு ஒன்று போதும். பத்தாயிரம் ரூபாய் வைப்பில்கூடச் சில வங்கிகள் தருகின்றன. மாதம் ஒரு மின்கட்டணத்தை மட்டும் அதில் கட்டி, பில் வந்த அன்றே முழுதாக அடைத்துவிடுங்கள். பழைய கார்டு எதிலாவது பாக்கி தீர்ந்தும் கணக்கு திறந்தே இருந்தால் மூடச் சொல்லி எழுதுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூடாவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி உங்களுக்கு 500 ரூபாய் தர வேண்டும்.